லூயிஸ் கான்: தாள்களில் காத்திருந்த கட்டடங்கள்

கட்டடக்கலை படிக்கிற யாரைக் கேட்டாலும் லூயிஸ் கான் பெயரைச் சொல்வாங்க. பொறியியல் மாணவனான எனக்கு அவர் முதலில் அறிமுகமானது கான்கிரீட் வழியாகத்தான். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகு இரண்டு விஷயங்கள் மனசில் தங்கிவிட்டன. ஒன்று, அவர் எவ்வளவு தாமதமாக மேலே வந்தார் என்பது. இன்னொன்று, அவர் இறந்த பிறகு அவருடைய தாள்கள் என்ன செய்தன என்பது.

கான் 1901இல் எஸ்தோனியாவில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். சின்னக் குழந்தையாக இருந்தபோது நெருப்புத் தணலில் முகம் வெந்து, அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை. 1906இல் குடும்பம் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் குடியேறியது. வீட்டுச் செலவுக்காக அவர் ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்தார். ஓவியம் நன்றாக வரும். ஆனால் பள்ளியின் கடைசி ஆண்டில் கட்டடக்கலைப் பாடம் ஒன்றைக் கேட்டதும் அதுதான் தன் வழி என்று முடிவு செய்துவிட்டார். 1924இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கியதும் வாழ்க்கை செட்டில் ஆகிவிடும் என்று நாம் நினைக்கிறோம், இல்லையா? அவருக்கு அப்படி ஆகவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இல்லை. சும்மா உட்காராமல், தன்னைப் போல வேலையில்லாத கட்டடக்கலைஞர்களைச் சேர்த்து ஓர் ஆய்வுக் குழு தொடங்கினார். 1947இல் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். 1950இல் ரோமுக்குப் போய், இத்தாலி, கிரேக்கம், எகிப்து நாடுகளின் பழைய கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1953இல் திறந்த யேல் கலைக்கூடம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பெரிய கட்டடம். அப்போது அவருக்கு வயது 52.

அதன் பிறகு வந்தவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தவை. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ஆய்வுக்கூடங்களுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. ஒவ்வோர் ஆய்வுக்கூடத்துக்கும் மேலே ஆள் நடமாடும் உயரத்தில் குழாய்களுக்கென்றே தனித் தளம் உண்டு. பழுது பார்க்க வருபவர் விஞ்ஞானியின் வேலையைக் கெடுக்க வேண்டியதில்லை. டெக்சாஸின் கிம்பெல் அருங்காட்சியகத்தில் கான்கிரீட் கூரையின் உச்சியையே பிளந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். இந்த வேலைகளுக்கெல்லாம் கணக்குப் போட்டுத் துணை நின்றவர் பொறியாளர் ஆகஸ்ட் கோமென்டன்ட். கனவு ஒருவருடையது, அதை நிற்க வைத்ததில் இன்னொருவருக்கும் பங்கு.

கான் 1957 முதல் இறக்கும்வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். எவ்வளவு பெரிய வேலை வந்தாலும் வகுப்பை விடவில்லை. ஒரு பொருள் தானாக என்னவாக விரும்புகிறது என்று அதனிடமே கேளுங்கள் என்பது அவர் மாணவர்களுக்குத் தந்த பயிற்சி. இந்தியக் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் முயற்சியால் 1962இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தை வடிவமைக்க வந்தார். அங்கே சாதாரணச் செங்கல்தான் பொருள். செங்கல் வளைவு தாழ்வாக இருந்தால் பக்கவாட்டில் தள்ளும். அந்த இரண்டு முனைகளையும் ஒரு கான்கிரீட் உத்திரத்தால் இழுத்துக் கட்டினார். அந்த உத்திரத்தை மறைக்கவும் இல்லை. விசை எப்படி வேலை செய்கிறது என்று சுவரே பாடம் நடத்துகிறது.

குறை இல்லாத மனிதர் இல்லை அவர். வேலை வேலை என்று ஓடியவர். மூன்று பெண்களிடம் பிறந்த அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் அப்பாவோடு இருந்த நேரம் கொஞ்சம்தான்.

1974 மார்ச் 17, அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். குடும்பத்துக்குத் தகவல் தெரியவே இரண்டு நாள் ஆனது. அலுவலகம் பெரும் கடனில் இருந்தது. வரைபடங்களைத் துண்டு துண்டாக விற்றிருந்தால் கடன் குறைந்திருக்கும், ஆனால் எல்லாம் சிதறிப் போயிருக்கும். பென்சில்வேனியா மாநில அரசு அவற்றை மொத்தமாக வாங்கி, அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் வைத்தது. அவர் கையால் வரைந்தவை மட்டுமே 6,000க்கும் மேல்.

அவர் தொடங்கிய டாக்கா நாடாளுமன்றக் கட்டடம் 1982இல்தான் திறக்கப்பட்டது. இறப்பதற்குச் சற்று முன் அவர் வடிவமைத்த ரூஸ்வெல்ட் நினைவுப் பூங்கா, பணமில்லாமல் தாளிலேயே தூங்கியது. 2012இல் அந்த வடிவமைப்பின்படியே நியூயார்க்கில் கட்டித் திறந்தார்கள். வரைந்தவர் போய் 38 வருடம்!

பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று கீதை வகுப்பில் கேட்டிருக்கிறோம். கான் கீதை படித்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. தான் பார்க்கப்போகாத கட்டடத்துக்கும் ஒழுங்காகக் கோடு போட்டார் என்பதே எனக்குப் போதும்.

நண்பர்களே, 22 வயதில் ஒன்றும் சாதிக்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் அந்த 52ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் ஊர்க் கோயிலின் பழைய பிளான், நம் கிளையின் கூட்டக் குறிப்பேடு, பழைய படங்கள் எல்லாம் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்று விசாரியுங்கள். கறையான் அரிக்கும் முன் ஸ்கேன் செய்து, தேதி எழுதி, ஒரே இடத்தில் வையுங்கள். நமக்குப் பின் வருகிறவர்களுக்கு அது தேவைப்படும்.