தெருவிளக்கும் தாசில்தாரும்

கல்மண்டபத்தில் தெருவிளக்கடியில் ஒரு பையன் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் போதும், வழியே போகும் பெரியவர் முத்துசாமி அய்யர் கதையைத் தொடங்கிவிடுவார். விளக்கு வெளிச்சமே அவரை ஐகோர்ட்டு நாற்காலியில் ஏற்றி வைத்ததுபோலச் சொல்வார். அது பாதிக் கதை. மீதியை நாம் சொல்கிறோம்.

1832-இல் தஞ்சைச் சீமையில் பிறந்தவர் அவர். தந்தை சிறு வயதிலேயே மறைந்தார். உயர்ந்த குலம் என்றது சாத்திரம். சாத்திரம் சோறு போடவில்லை! கிராமக் கணக்கரிடம் எழுத்து வேலைக்குப் போனான் சிறுவன். மாதச் சம்பளம் ஒரு ரூபாய்.

ஒருநாள் ஆற்றங்கரை உடைந்ததாகச் செய்தி. தாசில்தார் முத்துசாமி நாயக்கர் கணக்கரைத் தேடுகிறார், ஆள் இல்லை. சிறுவன் ஓடிப்போய்ப் பார்த்துவந்து விவரம் கூறுகிறான். விசாரித்தால் அத்தனையும் சரி! நாயக்கர் என்ன செய்தார்? கெட்டிக்காரப் பிள்ளை என்று முதுகில் தட்டி அனுப்பிவிடவில்லை. நாகையில் பள்ளியில் சேர்த்தார். பிறகு சென்னைக்கு, பவல் துரையின் பள்ளிக்கு அனுப்பினார். சாதி பார்த்தாரா? இல்லை. அந்தக் கை நீண்டிராவிட்டால், விளக்கு எரிந்துகொண்டேயிருந்திருக்கும். கீழே படிக்கப் பையன் வந்திருக்கமாட்டான்.

1854-இல் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபாய் பரிசு. பின்னர் முனிசீப், டெபுடி கலெக்டர், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். அங்கேதான் அவர் நெஞ்சுரம் வெளிப்பட்டது. இந்தியர் ஒருவரை அடித்ததாக ஐகோர்ட்டு வெள்ளை நீதிபதி மீதே புகார். நேரில் வரவழைக்க வேண்டாம் என்று மேலிடம் சொல்லியும் கேளாமல் சம்மன் அனுப்பி, மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்பர். மூன்று ரூபாய்தான், ஆனால் வாங்கியது யாரிடம்!

1878-இல் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். வெள்ளையர் ஏடுகள் வெகுண்டன. கறுப்பு மனிதனுக்கு இந்த நாற்காலியா என்பதுதான் கோபத்தின் சாரம். அதற்குப் பதில் சொல்லவே அந்த ஆண்டு செப்டம்பர் 20-இல், கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில், எண்பது பிரதிகளுடன் இந்து ஏடு பிறந்தது. அன்று தகுதி இல்லை என்று வெள்ளையன் சொன்னபோது கொதித்தவர்கள் பலர். அதே சொல்லைப் பின்னாளில் நம் பிள்ளைகளை நோக்கிச் சொன்னவர்களும் இந்நாட்டில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.

1891-இல் மலபார் திருமணக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதி. 1895 சனவரியில் மறைந்தார். கல்மண்டபத்திலிருந்து தெற்கே, ஐகோர்ட்டுக் கட்டடத்துக்குள் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. அதைக் காட்டி விளக்குக் கதை சொல்லும் பெரியவர், நாயக்கர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.