செருப்புத் தைத்த கரம் சிறுவரைக் காத்தது!

மாளிகைப் பிள்ளை கைநீட்டினால் குறும்பு. குடிசைப் பிள்ளை அதையே செய்தால் குற்றம்! கூண்டிலே நிற்கும் அந்த ஏழைப் பிள்ளைக்காகப் பேசிட எவர் வருவார்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே ஒருவர் வந்தார். சட்டம் படித்தவரல்லர், சீமானுமல்லர். காலணி தைப்பது அவர் தொழில். ஜான் அகஸ்டஸ் என்பது பெயர்.

1841 ஆகஸ்டு மாதம், போலீஸ் கோர்ட்டிலே குடிகாரன் ஒருவனைக் கண்டார். இனிக் குடிப்பதில்லை என்று அவனிடம் உறுதி பெற்றுப் பிணை நின்றார். மூன்று வாரம் சென்றது. தெளிந்த மனிதனாக அவனை அழைத்து வந்தார். நீதிபதி வியந்தார், ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து, சிறைக்கு அனுப்பாமல் விட்டார்.

1843-ல் சிறுவர் பக்கம் திரும்பினார் அகஸ்டஸ். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டோர் மூவர்: 8 வயதிலும் 10 வயதிலும் இரு சிறுமியர், 11 வயதிலே ஒரு சிறுவன். பொறுப்பேற்றார்.

பிணை எழுதியதோடு வீடு திரும்பியவரா அவர்? இல்லை, தோழர்களே! பிள்ளையைப் பள்ளியிலே சேர்த்தார், அல்லது நேர்மையான வேலை தேடித் தந்தார், நடத்தையைக் கவனித்தார், நீதிமன்றத்துக்கு உள்ளதை உள்ளபடி அறிவித்தார். 1847-ல், 7 வயது முதல் 15 வயது வரையிலான 19 சிறுவருக்குப் பிணை நின்றார். மாதந்தோறும் மன்றம் சென்று அவர்கள் நிலையை எடுத்துரைத்தார். ஐந்தாறு மாதங்களுக்குப் பின் அவர்களில் 12 பேர் ஒருசேர மன்றம் வந்தபோது, நீதிபதி மகிழ்ந்து விதித்த அபராதம் தலைக்குப் பத்து சென்ட்! அதையும் கட்ட வழியில்லாதோர் எழுவர். அவர்களுக்காக அகஸ்டஸே கட்டினார்.

எதிர்ப்பு இல்லையா? இருந்தது. சிறைக்கு ஆள் கொண்டுசெல்லும் அதிகாரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு பிள்ளை மீண்டால் அவருக்கு வரும்படி போயிற்று! நீதிபதி திருத்த விரும்புகிறார், சேவகர் சிறைக்கு இழுக்கிறார்; நடுவிலே நசுங்குவது பிஞ்சு உள்ளம். ஒருவர் வாழ்வு மற்றவர் வருவாயாக இருக்கும்வரை ஒத்துழைப்பு எங்கிருந்து வரும்?

ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரைத் தனியொருவராக இழுத்தார் அகஸ்டஸ். நல்லோர் சிலர் பொருளுதவி செய்தனர். எனினும் தொழில் நலிந்தது, கைப்பொருள் கரைந்தது. 1858-க்குள் அவர் பிணை நின்றது 1,946 பேருக்கு. 1859-ல் வறுமையிலே மறைந்தார். 1878-ல்தான் மாசசூசெட்ஸ் அரசு சட்டமியற்றி, அவர் கூலியின்றிச் செய்த வேலைக்குச் சம்பளம் பெறும் நன்னடத்தை அலுவலரைப் பாஸ்டனுக்குத் தந்தது.

தோலையும் அடியையும் இணைத்துத் தைத்தால்தான் செருப்பு. நீதிமன்றமும் காவலும் பள்ளியும் பட்டறையும் இணைந்தால்தான் வழிதவறிய பிள்ளைக்கு வாழ்வு. ஏட்டறிஞர் பலர் எண்ணாததை ஒரு தொழிலாளி எண்ணினார், செய்தும் காட்டினார். உழைப்போர் உள்ளமெல்லாம் பெருமிதம் கொள்ளத்தக்க வாழ்வு அது!