ஜெ. எட்கர் ஹூவர்

ஜான் எட்கர் ஹூவர் (ஜனவரி 1, 1895 – மே 2, 1972) ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வுச் செயலகத்தின் (எஃப்.பி.ஐ) முதல் இயக்குநர் ஆவார். 1924 முதல் இறக்கும் வரை 48 ஆண்டுகள், எட்டுக் குடியரசுத் தலைவர்களின் கீழ் இப்பொறுப்பை வகித்தார். அவர்களுள் ஒருவரான எர்பர்ட் ஹூவர் இவருக்கு உறவினர் அல்லர். குற்றப் புலனாய்வில் அறிவியல் முறைகளைப் புகுத்தியவர் என்று வாழ்நாளில் போற்றப்பட்ட இவர், போர்க்காலத்தில் கிடைத்த அதிகாரங்களை அமைதிக் காலத்திலும் குடிமக்கள் மீது பயன்படுத்தியவர் என்று இறந்தபின் கடுமையாக விமர்சிக்கப்பட்டார்.

இளமை

வாஷிங்டன் நகரில் பிறந்த ஹூவர், காங்கிரசு நூலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகளில் சட்டம் பயின்று 1916இல் பட்டம் பெற்றார். நூலகத்தில் கற்ற அட்டைவழி வகைப்படுத்தும் முறை பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது. இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

முதல் உலகப் போர்

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஹூவர் நீதித்துறையில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது பகை நாட்டவர்களைக் கவனிக்கும் பிரிவு. அமெரிக்காவுடன் போரிடும் நாட்டின் குடிகளை வழக்கு விசாரணையின்றியே சிறைவைக்க 1798ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குடியரசுத் தலைவருக்கு இடமளித்திருந்தது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதைப் பயன்படுத்தினார். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று கோப்புகளைப் பார்த்துப் பரிந்துரைப்பது 22 வயது ஹூவரின் வேலை ஆயிற்று.

போர் 1918இல் முடிந்தது; கோப்புகள் முடியவில்லை. 1919 ஜூனில் தலைமை வழக்குரைஞர் மிட்செல் பால்மரின் வீட்டில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து தீவிரவாதிகளைக் கண்காணிக்கத் தனிப்பிரிவு அமைக்கப்பட்டு, 24 வயதான ஹூவர் அதன் தலைவரானார். இலட்சக்கணக்கான அட்டைகளில் நபர்கள், அமைப்புகள், இதழ்கள் பற்றிய குறிப்புகளைத் திரட்டினார். 1919 டிசம்பரில் எம்மா கோல்ட்மன் உள்ளிட்ட 249 பேர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். 1920 சனவரியில் 30க்கும் மேற்பட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். தொழிலாளர் துறையின் பொறுப்பிலிருந்த லூயி போஸ்ட் ஒவ்வொரு வழக்கையும் படித்துப் பார்த்துப் பெரும்பாலான நாடுகடத்தல் ஆணைகளை இரத்து செய்தார். இத்தேடல்களில் தம் பங்கு சிறியது என்று ஹூவர் பின்னாளில் கூறிவந்தார். ஆவணங்கள் அதற்கு மாறாக உள்ளன.

இயக்குநர் பதவி

1924 மே மாதத்தில் தலைமை வழக்குரைஞர் ஆர்லன் ஸ்டோன், ஊழலால் பெயர் கெட்டிருந்த செயலகத்தைச் சீரமைக்க 29 வயது ஹூவரை நியமித்தார். கருத்துகளை அன்றி, கூட்டரசுச் சட்டத்தை மீறும் செயல்களை மட்டுமே விசாரிக்க வேண்டும் என்பது ஸ்டோன் விதித்த நிபந்தனை. ஹூவர் தகுதியற்ற முகவர்களை நீக்கினார், கைரேகைகளை ஒரே இடத்தில் திரட்டினார், 1932இல் ஆய்வுக்கூடம் நிறுவினார். ஜான் டில்லிஞ்சர் போன்ற கொள்ளையர்களை வீழ்த்தியதால் செயலகத்தின் புகழ் பரவியது.

ரூசவெல்ட்டின் குறிப்பாணை

ஸ்டோனின் வரம்பு பன்னிரண்டு ஆண்டுகளே நீடித்தது. 1936 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட், பொதுவுடைமை, பாசிச இயக்கங்களைப் பற்றித் தகவல் திரட்டுமாறு ஹூவரை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டார்.

தொலைபேசி ஒட்டுக்கேட்பை 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் தடுத்திருந்தது. உச்ச நீதிமன்றமும் 1937, 1939 தீர்ப்புகளில் அதை உறுதிசெய்தது. எனினும் 1940 மே 21 அன்று ரூசவெல்ட் ஓர் இரகசியக் குறிப்பாணையை எழுதினார். நாட்டின் பாதுகாப்பைத் தொடும் விவகாரங்களுக்கு அத்தீர்ப்பு பொருந்தாது என்பது அவர் கருத்து. ஒட்டுக்கேட்பை மிகக் குறைவாகவும், இயன்றவரை அயல்நாட்டவர் மீது மட்டுமே செய்யவேண்டும் என்றும் இறுதி வரியில் சேர்த்திருந்தார். தலைமை வழக்குரைஞர் இராபர்ட் ஜாக்சன் இதை விரும்பவில்லை. யாரை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பதிவைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஹூவரிடமே விட்டுவிட்டார். கண்காணிப்பவரைக் கண்காணிக்க வேண்டியவர் இவ்வாறு ஒதுங்கியது பின்விளைவுகள் மிகுந்த முடிவாகும்.

1946இல் இந்த அனுமதியைப் புதுப்பிக்குமாறு தலைமை வழக்குரைஞர் டாம் கிளார்க்கின் பெயரில் ட்ரூமனுக்குக் கடிதம் சென்றது. அதில் ரூசவெல்ட்டின் குறிப்பாணை எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. அந்த இறுதி வரி மட்டும் விடுபட்டிருந்தது. ட்ரூமன் ஒப்பமிட்டார். போருக்கென வழங்கப்பட்ட அனுமதி, வரம்பை இழந்த வடிவில் அமைதிக் காலத்துக்குரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர்

நெருக்கடி வந்தால் சிறைவைக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றையும் ஹூவர் தயாரித்திருந்தார். பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சப்பானியர் கைதானது இத்தகைய பட்டியல்களின் அடிப்படையில்தான். ஆனால் மேற்குக் கடற்கரையின் சப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் வெளியேற்றும் திட்டத்தை அவர் எதிர்த்தார். உண்மைத் தகவலை விட அரசியல் நெருக்குதலே அதற்குக் காரணம் என அறிக்கை அளித்தார். ரூசவெல்ட் அதைக் கேட்கவில்லை. 1942 பெப்ரவரியில் பிறப்பித்த ஆணை எண் 9066இன் கீழ் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

1943 ஜூலையில் தலைமை வழக்குரைஞர் பிரான்சிஸ் பிடில், பட்டியல் முறை நம்பத்தகாதது என்றும் அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்றும் கூறி அதைக் கைவிட உத்தரவிட்டார். ஹூவர் பட்டியலின் பெயரை மட்டும் மாற்றி, மேலாளருக்குத் தெரியாமல் தொடர்ந்து வைத்திருந்தார்.

போருக்குப் பின்

கொரியப் போர் தொடங்கிய சில நாட்களில், 1950 ஜூலையில், ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைத்துச் சுமார் 12,000 பேரைச் சிறைவைக்கும் திட்டத்தை அவர் ட்ரூமனின் ஆலோசகருக்கு அனுப்பினார். பட்டியலில் இருந்தோரில் 97 விழுக்காட்டினர் அமெரிக்கக் குடிமக்கள். திட்டம் நிறைவேறவில்லை, அக்கடிதம் 2007இல்தான் வெளியாயிற்று.

1956இல் பொதுவுடைமைக் கட்சியைக் குலைக்கத் தொடங்கிய கோயின்டெல்புரோ என்னும் இரகசிய நடவடிக்கை, பின்னர் குடியுரிமை இயக்கங்கள், போர் எதிர்ப்பாளர்கள் மீதும் பாய்ந்தது. 1963 அக்டோபரில் தலைமை வழக்குரைஞர் இராபர்ட் கென்னடியின் ஒப்புதலுடன் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. மறு ஆண்டு, செயலகத்திலிருந்து கையொப்பமற்ற மிரட்டல் கடிதம் ஒன்றும் கிங்குக்குச் சென்றது. 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா நகர அலுவலகத்தில் நுழைந்த சிலர் கோப்புகளை எடுத்துச் சென்று செய்தித்தாள்களுக்கு அனுப்பியதால் இவை வெளிப்படத் தொடங்கின. அடுத்த மாதமே ஹூவர் அந்நடவடிக்கையை நிறுத்தினார்.

வியப்புக்குரிய வகையில், 1970இல் நிக்சன் ஒப்புதல் அளித்த விரிவான உளவுத் திட்டத்தைத் தடுத்தவரும் ஹூவரே. குடியுரிமை மீதான அக்கறையை விட, செயலகம் அம்பலப்படும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

மறைவும் பின்னும்

ஹூவர் 1972 மே 2 அன்று வாஷிங்டனில் காலமானார். அவருடைய உடல் நாடாளுமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அவருடைய தனிப்பட்ட கோப்புகளைச் செயலாளர் எலன் காண்டி அழித்துவிட்டார்.

48 நாட்களுக்குப் பின், உள்நாட்டு அமைப்புகளைப் பாதுகாப்புக் காரணம் காட்டி ஒட்டுக்கேட்கவும் நீதிமன்ற ஆணை தேவை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1975–76இல் செனட்டர் பிராங்க் சர்ச் தலைமையிலான குழு செயலகத்தின் கோப்புகளை ஆராய்ந்து விரிவான அறிக்கைகளை வெளியிட்டது. 1976இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இயக்குநரின் பதவிக்காலத்தைப் பத்து ஆண்டுகளாக வரையறுத்தது.