உலகின் வேகமான மனிதர் ஏன் கோல்கீப்பர் ஆனார்? ஆர்தர் வார்ட்டனின் கதை

உங்கள் டீமில் ஒரு பையன் மற்ற எல்லாரையும் விட வேகமாக ஓடுகிறான். அவனை எங்கே விளையாட விடுவீர்கள்? விங்கில், இல்லையென்றால் ஃபார்வர்டாக. தெருவில் பந்து உதைக்கும் பசங்களைக் கேட்டால்கூட இதைத்தான் சொல்வார்கள். கோல்கீப்பர் வேலை பெரும்பாலும் ஓட முடியாதவன் தலையில்தான் விழும். இது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

ஆனால் 1886-ல் 100 யார்டு ஓட்டத்தில் உலக சாதனை நேரத்தைத் தொட்ட ஒருவர், கால்பந்தில் பெயர் எடுத்தது கோல்கீப்பராக. அவர் பெயர் ஆர்தர் வார்ட்டன். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறை கால்பந்து வீரர் என்று பரவலாக அறியப்படுபவர். ட்ராக்கில் காட்டும் வேகத்துக்கும் கால்பந்துத் திறமைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்துக்கு இவர் வாழ்க்கையை விடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த வார்ட்டன்?

1865 அக்டோபர் 28-ம் தேதி, இன்றைய கானா நாட்டின் தலைநகரான அக்ராவில், ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தார். அப்போது அந்த நாட்டுக்கு கோல்ட் கோஸ்ட் என்று பெயர். அப்பா ஹென்றி வார்ட்டன், கரீபியன் தீவான கிரெனடாவைச் சேர்ந்த மெதடிஸ்ட் மிஷனரி. அம்மா, ஃபான்டே அரச குடும்பத்தோடு உறவுள்ளவர். அப்பா, அம்மா இருவர் வழியிலும் ஸ்காட்லாந்து வம்சாவளியும் உண்டு. மொத்தத்தில் படித்த, மதிப்பான குடும்பம்.

மகனும் மத போதகராகவோ ஆசிரியராகவோ வர வேண்டும் என்பதுதான் திட்டம். அதற்காக 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய், டார்லிங்டனில் உள்ள கிளீவ்லாண்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் மனசு படிப்பில் நிற்கவில்லை. ஓட்டப் பந்தயம், கிரிக்கெட், சைக்கிள், கால்பந்து என்று எதையும் விடவில்லை. போதகர் கனவு அங்கேயே முடிந்தது.

10 விநாடி என்றால் சும்மாவா?

1886 ஜூலை 3. லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம். ஆமாம், இன்றைக்கு செல்சி விளையாடுகிற அதே இடம்தான். அப்போது அது தடகள மைதானமாக இருந்தது. அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் நடத்திய சாம்பியன்ஷிப்பில் 100 யார்டு ஓட்டத்தில் வார்ட்டன் இறங்கினார். தகுதிச் சுற்றில் சரியாக 10 விநாடி. இறுதிச் சுற்றிலும் 10 விநாடி. அந்த சாம்பியன்ஷிப்பில் 10 விநாடியைத் தொட்ட முதல் ஆள் இவர்தான். அதுவே உலக சாதனையாகவும் கருதப்பட்டது. அடுத்த ஆண்டும் பட்டத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

100 யார்டு என்பது 91.44 மீட்டர். கணக்குப் போட்டால் சராசரியாக மணிக்கு கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி வேகம் பிடிக்கிற நேரமும் இதில் சேர்த்தி. அப்படியென்றால் அவருடைய உச்ச வேகம் இதைவிட நிச்சயம் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: 2024-ல் டோட்டன்ஹாம் வீரர் மிக்கி வான் டி வென் பிரீமியர் லீக்கில் பதிவு செய்த உச்ச வேகம் மணிக்கு 37.38 கிலோமீட்டர். ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லாத காலத்தில், கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் காலத்தில், இந்த மனிதர் எங்கே இருந்தார் என்பது இப்போது புரியும்.

அப்போ ஏன் கோல்கீப்பர்?

இன்றைய கோல்கீப்பரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது புரியாது. அன்றைக்கு விதிகளே வேறு. பெனால்டி ஏரியா என்கிற கட்டம் மைதானத்தில் கிடையாது. கோல்கீப்பர் பெட்டிக்குள் மட்டும்தான் பந்தைக் கையால் தொடலாம் என்ற கட்டுப்பாடு 1912-ல்தான் வந்தது. அதுவரை தன் பக்கத்துப் பாதி மைதானத்துக்குள் கோல்கீப்பர் வெளியே ஓடி வந்து பந்தைக் கையாள முடியும்.

இன்னொரு பக்கம், எதிரணி வீரர்கள் கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளலாம். பந்து அவர் கையில் இல்லாவிட்டாலும்கூட. பந்து ஒரு பக்கம் வர, இரண்டு மூன்று பேர் இன்னொரு பக்கம் மோத வருவார்கள். கோலுக்குள் நின்று அடி வாங்குவதை விட, பந்தை முந்திக்கொண்டு வெளியே பாய்கிறவன்தான் பிழைப்பான். அங்கேதான் வார்ட்டனின் கால்கள் வேலை செய்தன.

அவர் பாணியும் தனி. போஸ்ட்டின் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்திருப்பாராம். கடைசி நொடியில் புலி மாதிரி பாய்ந்து வந்து பந்தைக் குத்தி அனுப்புவாராம். பந்தைக் குத்தும் அவருடைய கை பலம் பத்திரிகைகளில் பேசப்பட்டது. ஒரு முறை கிராஸ்பாரைப் பிடித்துத் தொங்கி, வந்த பந்தைக் கால்களுக்கு நடுவே பிடித்தார், ஓடி வந்த எதிரணியினர் தடுமாறி வலைக்குள் விழுந்தார்கள் என்று நேரில் பார்த்த ரசிகர் ஒருவர் பல வருடம் கழித்துப் பத்திரிகைக்கு எழுதினார். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் இதெல்லாம் கோமாளித்தனம் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

டார்லிங்டன் அணியில் அவர் ஆட்டத்தைப் பார்த்து, 1886-ல் பிரெஸ்டன் நார்த் எண்ட் அழைத்துக்கொண்டது. அன்றைய இங்கிலாந்தின் ஆகச் சிறந்த அணிகளில் ஒன்று. 1887-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனார்கள். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் தோற்றார்கள்.

ட்ராக் வேகம் மைதானத்தில் எவ்வளவு உதவும்?

இங்கே கொஞ்சம் நின்று அறிவியலைப் பார்த்துவிடலாம். 100 மீட்டர் ஓட்டத்தில் வீரர் உச்ச வேகத்தை எட்டுவதற்கே 50, 60 மீட்டர் ஆகிவிடும். 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோது, மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேலான உச்ச வேகத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டிய பிறகு. அதே ஓட்டத்தில் முதல் 10 மீட்டரைக் கடக்க அவருக்கே 1.9 விநாடி போல ஆனது. அதாவது அந்த 10 மீட்டரில் சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர்தான்.

கால்பந்தில் பெரும்பாலான வேக ஓட்டங்கள் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். அதுவும் நேர்கோட்டில் இல்லை. ஓட வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பக்கத்தில் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுப்பான், காலடியில் பந்து வேறு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடுவது ஒரு கலை. சத்தமே இல்லாமல், எப்போது ஓட வேண்டும் என்று நாமே கண்டுபிடித்து ஓடுவது வேறு கலை.

போல்ட்டே இதற்குச் சாட்சி. 2018-ல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் கிளப்பில் பயிற்சி எடுத்தார். ஒரு நட்பு ஆட்டத்தில் இரண்டு கோலும் அடித்தார். ஆனால் ஒப்பந்தம் கைகூடவில்லை. கிளம்பிவிட்டார். 32 வயதில் ஆரம்பித்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இரண்டிலும் ஜொலித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். நம்ம கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் இரண்டு வெள்ளி வாங்கியவர். அதற்கு முன்பே 1897-ல் கொல்கத்தாவில் கால்பந்து ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்தவர். ஆனால் அவர் சிறு வயது முதலே இரண்டையும் சேர்த்து விளையாடியவர்.

வார்ட்டன் விஷயத்தில், கோல்கீப்பருக்குத் தேவைப்பட்டது முதல் ஐந்தாறு மீட்டர் பாய்ச்சல். அது அவரிடம் இருந்தது. மீதி 85 மீட்டர் வேகம், கோலுக்கு முன்னால் நின்றவருக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. எப்போதாவது விங்கிலும் விளையாடினார் என்றாலும், அவர் இடம் என்று ஆனது கோல்போஸ்ட்தான்.

1888: தப்பிப்போன வருடம்

1888-ல் வார்ட்டன் எடுத்த முடிவு இது: பிரெஸ்டனை விட்டுவிட்டு, பணத்துக்காக ஓடும் தொழில்முறை ஓட்டக்காரராக மாறினார்.

அன்றைக்கு அதில் காசு இருந்தது. ஷெஃபீல்டில் நடக்கும் ஹேண்டிகேப் பந்தயங்களுக்குப் பெரிய கூட்டம் வரும், பெரிய அளவில் சூதாட்டமும் நடக்கும். ஹேண்டிகேப் என்றால், வேகமானவர் பின்னால் நிற்க வேண்டும், மெதுவானவருக்குச் சில யார்டுகள் முன்னால் இடம் கொடுப்பார்கள். யார் ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாதபடி செய்வதுதான் நோக்கம். 1888 செப்டம்பரில் ஷெஃபீல்டு ஹேண்டிகேப் பந்தயத்தில் வார்ட்டன் ஜெயித்தார்.

அதே 1888 செப்டம்பரில்தான் உலகின் முதல் கால்பந்து லீக் 12 அணிகளோடு தொடங்கியது. அவர் விட்டு வந்த பிரெஸ்டன், அந்த முதல் சீசனில் 22 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எஃப்.ஏ. கோப்பையையும் தூக்கியது. தோற்கடிக்க முடியாதவர்கள் என்று வரலாற்றில் பெயர் வாங்கிய அந்த அணியின் பட்டியலில் வார்ட்டன் பெயர் இல்லை. கால்கள் கொடுத்த வேகம்தான் அவரை அங்கிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போனது என்று எனக்குத் தோன்றுகிறது.

1889-ல் ராதர்ஹாம் டவுன் அணியில் சம்பளத்துக்கு விளையாடும் கோல்கீப்பராகச் சேர்ந்தார். முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர் என்ற அடையாளம் இங்கிருந்துதான் வருகிறது. அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். பப் நடத்தும் வேலையும் பார்த்தார்.

வேகத்தை முந்திய எடை

1894-ல் முதல் டிவிஷன் அணியான ஷெஃபீல்டு யுனைடெட் அவரை எடுத்தது. அதே நேரத்தில் 20 வயதுப் பையன் ஒருவனையும் கோல்கீப்பராக எடுத்தது. பெயர் வில்லியம் ஃபோல்க். ஆறடிக்கும் மேல் உயரம். பிற்காலத்தில் 130 கிலோவையும் தாண்டி, குண்டு ஃபோல்க் என்றே உலகம் முழுக்கத் தெரிந்தவர்.

முதல் இடம் யாருக்குக் கிடைத்தது? ஃபோல்க்குக்கு. 100 யார்டை 10 விநாடியில் கடந்த மனிதர், அந்தப் பெரிய உருவத்துக்கு மாற்று ஆளாக வெளியே உட்கார்ந்தார். 1895 பிப்ரவரியில் சண்டர்லாண்டுக்கு எதிராக ஒரு லீக் ஆட்டத்தில் வாய்ப்பு கிடைத்தது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் விளையாடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. சீசன் முடிந்ததும் பழைய ராதர்ஹாமுக்கே திரும்பினார். அப்போது அவருக்கு 30 வயது நெருங்கிவிட்டது.

ஃபோல்க் இங்கிலாந்து அணிக்காகவும் ஒரு ஆட்டம் ஆடினார். வார்ட்டனுக்கு அது ஒருபோதும் கிடைக்கவில்லை. பிரெஸ்டன் காலத்தில், இவரை இங்கிலாந்து அணியில் எடுக்க வேண்டும் என்று வடக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பேச்சு எழுந்தது. அதே காலத்தில் அவருடைய நிறத்தை வைத்துக் கேவலமாக எழுதிய பத்திரிகையும் இருந்தது. தேர்வுக் குழுவிலிருந்து அழைப்பு வரவில்லை. வித்தை காட்டுகிற மாதிரியான பாணி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இங்கிலாந்து சீனியர் அணியில் ஒரு கறுப்பின வீரர், விவ் ஆண்டர்சன், முதன்முதலாகக் களம் இறங்கியது 1978-ல். இந்த ஒரு தேதியைப் பார்த்த பிறகு, பாணி மட்டும்தான் காரணம் என்று நம்புவது சிரமம்.

கடைசி நாட்கள்

ஸ்டாலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட் என்று அணி அணியாக மாறி, ஸ்டாக்போர்ட் கவுன்டியில் விளையாடி 1902-ல் ஓய்வு பெற்றார். குடிப்பழக்கம் வேறு பிடித்துக்கொண்டது. ட்ராக்கில் வாங்கிய கோப்பைகள் வயிற்றுக்குச் சோறு போடவில்லை. டான்காஸ்டர் அருகே எட்லிங்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக வேலை செய்தார்.

1930 டிசம்பரில், 65 வயதில் இறந்தார். ஏழைகளுக்கு ஒதுக்கிய, பெயர்கூட இல்லாத கல்லறையில் புதைத்தார்கள். ஒரு காலத்தில் உலகின் வேகமான மனிதர் அங்கே படுத்திருக்கிறார் என்பது 67 வருடங்களாக அந்த இடத்தைக் கடந்து போனவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கால்பந்தில் இனவெறிக்கு எதிராக ஷெஃபீல்டில் இயங்கிய ஒரு அமைப்பின் பிரசாரத்துக்குப் பிறகு, 1997-ல் கல்லறையில் பெயர்க்கல் வைத்தார்கள். 2003-ல் இங்கிலாந்து கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2014-ல் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் ஆளுயரத்தை விடப் பெரிய வெண்கலச் சிலை திறந்தார்கள். அவரை ஒருமுறைகூடக் கூப்பிடாத இங்கிலாந்து அணி பயிற்சி எடுக்கும் இடம் அதுதான். சிலையில் அவர் ஓடவில்லை. உடம்பை வளைத்து எம்பி, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடுகிறார்.