யார் இந்த கிரேஸ் ஹாப்பர்? வயதைக் காட்டி அனுப்பிய கடற்படை, திரும்பக் கூப்பிட்டது ஏன்?

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943. அமெரிக்கக் கடற்படையின் பெண்கள் ரிசர்வ் பிரிவான ‘வேவ்ஸ்’-ல் சேர முயன்றார் கிரேஸ் ஹாப்பர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பிஎச்.டி., வாஸர் கல்லூரியில் கற்பிக்கும் வேலை எல்லாம் இருந்தது. ஆனால் வயது 36-ஐத் தாண்டிவிட்டது. எடையோ 48 கிலோகூடத் தேறாது. விதிப்படி இன்னும் சுமார் 7 கிலோ வேண்டும். போதாக்குறைக்கு, கணிதம் தெரிந்தவர்கள் இருக்கும் வேலையிலேயே இருப்பதுதான் நாட்டுக்கு நல்லது என்றது அரசு. சிறப்பு விலக்கு வாங்கி, கல்லூரியில் லீவு போட்டு, டிசம்பரில் உள்ளே நுழைந்துவிட்டார்.

1944-ல் அவரை அனுப்பிய இடம் கப்பல் இல்லை, ஹார்வர்டில் இருந்த 51 அடி நீள ‘மார்க் 1’ கணிப்பொறி. கடற்படைக்குத் தேவையான கணக்குகளை அந்த இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது வேலை. அதற்கான 500 பக்கத்துக்கும் மேற்பட்ட கையேட்டை எழுதியதிலும் பெரும்பங்கு அவருடையது.

(கணிப்பொறிக்குள் விட்டில்பூச்சி சிக்கியதால் ‘பக்’ என்ற சொல் பிறந்தது, அதைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். பூச்சி சிக்கியது உண்மை. பிடித்தவர் அவர் இல்லை; அந்தச் சொல்லும் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.)

போர் முடிந்ததும், நிரந்தரக் கடற்படைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். வயது வரம்பு 38. தாண்டிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். ரிசர்வ் அதிகாரியாகத் தொடர்ந்துகொண்டே, தனியார் நிறுவனத்தில் யூனிவாக் கணிப்பொறி வேலைக்குப் போனார். 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரையும், பிறகு ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதும் ஃப்ளோ-மேட்டிக் மொழியையும் உருவாக்கினார். 1959-ல் தொடங்கிய கோபோல் மொழியை ஒரு குழுதான் வடிவமைத்தது. ஆனால் அதன் அடித்தளம் ஃப்ளோ-மேட்டிக். வங்கிகளின் மெயின்ஃபிரேம்களில் இன்றைக்கும் கோபோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

1966 கடைசியில், 60 வயது ஆனதும், கமாண்டர் பதவியோடு கடற்படை அவரை ஓய்வுக்கு அனுப்பியது. அவருக்கு அது பெரிய வருத்தம். ஆனால் என்ன ஆச்சுன்னா, ஏழே மாதத்தில் கடற்படையே திரும்பக் கூப்பிட்டது.

காரணம் கோபோல்தான். ஒரே பெயர் இருந்தாலும், ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு அதை மாற்றி வைத்திருந்தது. ஒரு கணிப்பொறிக்காக எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. கடற்படையின் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு கம்பெனி இயந்திரம். நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஐ.டி.யில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கம்பைலர் உண்மையிலேயே தர விதிப்படி வேலை செய்கிறதா என்று சோதிக்கும் மென்பொருளை ஹாப்பரின் குழு எழுதியது. இந்தச் சோதனை முறை பின்னாளில் மற்ற அரசுத் துறைகளுக்கும் பரவியது. அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் ராணுவ அதிகாரியாக அவர் செய்த முக்கியமான வேலை இதுதான்.

ஆறு மாதத்துக்கு என்று வந்தவர், நடுவில் 1971-ல் ஒரு ஓய்வு, மறுபடி ஒரு அழைப்பு என்று 19 வருஷம் கழித்துதான் முழுசாக வெளியே போனார். 1973-ல் கேப்டன் ஆனார். சுமார் 30 செ.மீ. நீளமுள்ள ஒயர் துண்டுகளைப் பையில் வைத்திருப்பார். ஒரு நானோ விநாடியில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் அவ்வளவுதான். செயற்கைக்கோள் வழியாகத் தகவல் வர ஏன் நேரமாகிறது என்று அட்மிரல்களுக்கு இதைக் காட்டித்தான் பாடம் எடுத்தார்.

1983-ல் ‘60 மினிட்ஸ்’ டிவி நிகழ்ச்சியில் அவரைப் பார்த்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிலிப் கிரேன் முயற்சி எடுக்க, அதிபர் ரீகன் அவரைக் கொமடோர் ஆக்கினார். 1985-ல் அந்தப் பதவியின் பெயர் ரியர் அட்மிரல் என்று மாறியது. அந்த உயரத்தைத் தொட்ட முதல் பெண் அவர் இல்லை. செவிலியர் பிரிவின் அலீன் டியூர்க் 1972-லேயே தொட்டுவிட்டார். ஆனால் கணிப்பொறியை நம்பி அங்கே போனவர் ஹாப்பர்.

1986 ஆகஸ்டில், 79 வயதில் ஓய்வு பெற்றபோது, பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளில் அவரே மூத்தவர். வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1-ல், 85 வயதில் காலமானார்.

போர்க்கப்பல்களில் பெண்கள் பணியாற்ற இருந்த சட்டத் தடை 1993-ல்தான் நீங்கியது. நான்கு வருஷத்தில், 1997-ல், ‘யுஎஸ்எஸ் ஹாப்பர்’ என்ற நாசகாரிக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது.