சுருட்டைப் பற்றவைத்தால் வெற்றி!

கூடைப்பந்து ஆட்டத்தில் கோஷ்டிகளை உருவாக்கிப் பெயர் பெற்றவர் ஆர்னால்டு அவர்பாக். அமெரிக்கர். தலைமுடி செம்பட்டை. ஆகவே ரெட், அதாவது சிவப்பு என்று எல்லோரும் அழைத்தார்கள். 20 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய கோஷ்டி 9 முறை அமெரிக்கத் தொழில்முறைப் பட்டத்தை வென்றது.

வெற்றி நிச்சயம் என்று தெரிந்தால் போதும். ஆட்டம் முடிவதற்குள்ளேயே சுருட்டைப் பற்றவைத்து விடுவார். எதிர்க் கோஷ்டிக்கு எரிச்சல் எப்படி இருந்திருக்கும்!

ஆசிரியர் வேலை

1917-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை ரஷியாவில் இருந்து பிழைக்க வந்த யூதர்.

ரெட் வாஷிங்டனில் கல்லூரிப் படிப்பை முடித்தார். பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். போர்க் காலத்தில் கடற்படையில் சேவை செய்தார். 1946-ல் வாஷிங்டன் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் ஆனார். முதல் பருவத்தில் 60 ஆட்டங்களில் 49 வெற்றி! அப்போது அவருக்கு வயது 29.

1950-ல் பாஸ்டன் நகரின் செல்டிக்ஸ் கோஷ்டி அவரை அழைத்தது. முந்திய பருவத்தில் 46 ஆட்டங்களில் தோற்றிருந்த கோஷ்டி அது.

அந்த ஆண்டு பாப் கூசி என்ற இளைஞரைச் சேர்க்கும்படி பாஸ்டன் மக்கள் வற்புறுத்தினார்கள். ரெட் மறுத்துவிட்டார். ஆனால் ஒரு கோஷ்டி கலைந்து, அதன் ஆட்டக்காரர்கள் மூவருக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பாஸ்டனுக்கு விழுந்த சீட்டில் இருந்த பெயர், கூசி! வேண்டாம் என்ற அதே ஆள் பின்னர் பெரிய நட்சத்திரம் ஆனார்.

ரசல் வந்தார்

1956-ல் ரெட் செய்தது குருட்டு அதிர்ஷ்டம் அல்ல. பில் ரசல் என்ற கறுப்பு இளைஞரைப் பெறுவதற்காக இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை செயின்ட் லூயி கோஷ்டிக்குக் கொடுத்தார். ரசல் கூடையில் பந்து போடுவதைவிட, எதிரி போடும் பந்தைத் தடுப்பதில் வல்லவர். தடுத்த பந்தைத் தன் ஆட்களிடம் தள்ளுவார். எதிரி சுதாரிப்பதற்குள் அவர்கள் மறுகோடிக்குப் பாய்ந்து விடுவார்கள்.

1957 இறுதிப் போட்டி அதே செயின்ட் லூயியுடன். அங்கே கூடையின் உயரம் சரியில்லை என்று ரெட் புகார் செய்தார். அந்தக் கோஷ்டியின் முதலாளி வந்து திட்டினார். அவர் ரெட்டின் பழைய முதலாளி! ரெட் ஓங்கி ஒரு குத்து விட்டார். 300 டாலர் அபராதம். முன்கோபம் கடைசி வரை அவரை விடவில்லை. பட்டம் என்னவோ பாஸ்டனுக்குத்தான்.

1959 முதல் 1966 வரை தொடர்ந்து 8 பட்டங்கள். இத்தனைக்கும் அவருக்கு உதவிப் பயிற்சியாளர் கிடையாது. நல்ல ஆட்டக்காரர் ஒருவரை முதலில் இறக்காமல், மற்றவர்கள் களைத்த நேரத்தில் இறக்கும் தந்திரத்தைப் பிரபலமாக்கியவர் அவர்.

காப்பிக் கடையில்

1961-ல் காட்சி ஆட்டத்துக்காகக் கோஷ்டி கென்டக்கி மாநிலத்துக்குப் போனது. ஓட்டல் காப்பிக் கடையில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு உணவு பரிமாற மறுத்தார்கள். ஆடாமல் ஊர் திரும்புவோம் என்றார் ரசல். ஆடிவிட்டுப் போகலாம் என்று ரெட் முதலில் சமாதானம் செய்து பார்த்தார். இங்கே அவர் கணக்குத் தப்பியது. அவர்கள் மசியவில்லை. கடைசியில் அவரே அவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்.

ஆனால் கோஷ்டிக்கு ஆள் எடுப்பதில் அவர் நிறம் பார்த்ததில்லை. 1964 டிசம்பர் 26-ல் ஆட்டத்தைத் தொடங்க அவர் இறக்கிய 5 பேரும் கறுப்பர்கள். தொழில்முறை லீக்கில் அதுவே முதல் தடவை.

1966-ல் ஓய்வு பெறும்போது பயிற்சியாளர் பதவியை ரசலிடம் ஒப்படைத்தார். அந்த லீக்கில் ஒரு கறுப்பர் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் அப்போதுதான். அடுத்த மூன்று ஆண்டுகளில் ரசல் 2 பட்டங்களை வென்றார்.

ஓட்டல் அறை

பாஸ்டன் கொண்டாடிய மனிதருக்கு பாஸ்டனில் குடும்பம் இல்லை. மனைவியும் இரு மகள்களும் வாஷிங்டனில். இவர் ஓட்டல் அறையில் தனியே. பெரும் வெற்றிகளுக்கு இப்படியும் ஒரு விலை!

பிறகு நிர்வாகியாக இருந்து, 1978-ல் லாரி பேர்டு என்ற கல்லூரி மாணவரைத் தேர்ந்தெடுத்தார். ஓராண்டு காத்திருந்தால்தான் அவர் வருவார் என்று தெரிந்தே எடுத்தார். பேர்டு ஆடிய காலத்தில் பாஸ்டன் 3 பட்டங்களை வென்றது.

2006 அக்டோபர் 28-ல் ரெட் வாஷிங்டனில் காலமானார். வயது 89. அப்போதும் அவர் செல்டிக்ஸ் கோஷ்டியின் தலைவர். புதிய பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தன.