மங்கள் பாண்டேயும் ஒரு மசகுப் பிரச்சினையும்

மங்கள் பாண்டேன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பெரிய மீசை, 2005ல வந்த ஆமிர் கான் படம், அப்புறம் ஹிஸ்டரி புக்ல ரெண்டு வரி: கொழுப்பு தடவிய தோட்டா, சிப்பாய்க் கலகம். போன செமஸ்டர் வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் உலர் மசகுப் பூச்சு. எண்ணெய், கிரீஸ் எதுவும் இல்லாம, மாலிப்டினம் டைசல்ஃபைடு மாதிரி ஒரு பொடியை மெல்லிய படலமா உலோகத்து மேல ஏத்தி உராய்வைக் குறைக்கிற வேலை. அதுக்காகப் படிச்சப்போ, வெளிநாட்டுல ரைபிள் சுடுறவங்க தோட்டாவுக்கே இந்தப் பூச்சைப் போடுறாங்கன்னு தெரிஞ்சுது. தோட்டாவுக்கு எதுக்குங்க மசகு? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா, அது 1857இல் கல்கத்தா பக்கத்துப் பாரக்பூர் மைதானத்துல போய் நிக்குது.

மங்கள் பாண்டே பிறந்தது 1827இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டம், நக்வா கிராமத்தில் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிராமணக் குடும்பம். 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தார். 34ஆம் சுதேசிக் காலாட்படை, 5ஆம் கம்பெனி, சிப்பாய் எண் 1446. அடுத்த ஏழெட்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒழுங்கா வேலை பார்த்த ஒரு சாதாரண சிப்பாய், அவ்வளவுதான். சரித்திரத்துக்கு அவர் தெரியவருவது கடைசிப் பத்து நாளில்.

இந்த இடத்தில் கொஞ்சம் மெக்கானிக்கல். பழைய மஸ்கெட்டின் குழாய் உள்ளே வழவழப்பா இருக்கும், குண்டும் லூசா உட்காரும். 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிள் அப்படியில்லை. 0.577 அங்குலக் குழாய்க்குள் மூணு சுருள் பள்ளம். சுடும்போது ஈயக்குண்டு விரிந்து பள்ளத்தைப் பிடித்துச் சுழன்று வெளியே வரும். அதனால் குறி பல மடங்கு தூரம் போச்சு. சிக்கல் என்னன்னா, கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாவே தங்கும். பத்துப் பதினைந்து முறை சுட்டால் கசடு பள்ளத்தை அடைக்கும், அடுத்த குண்டு உள்ளேயே இறங்காது. அந்தக் கசடை இளக்கத்தான் மசகு. மருந்தையும் குண்டையும் ஒரே காகிதத்தில் சுருட்டி, குண்டு இருக்கும் முனையை மட்டும் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவையில் முக்கி எடுத்தார்கள். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு இறக்கிக் குத்த வேண்டும். எந்த எக்ஸாமிலும் முழு மார்க் வாங்கக்கூடிய டிசைன். கடிக்கிற வாய் யாருடையது என்பது மட்டும் டிராயிங்கில் இல்லை.

யாருமே யோசிக்கலையான்னு கேட்டால், யோசித்தார்கள். 1853இல் இந்த மசகு நம்ம வெயிலைத் தாங்குமான்னு பார்க்கத் தோட்டாக்களை இங்கே அனுப்பினார்கள். அப்பவே கர்னல் டக்கர் என்ற அதிகாரி, இதில் எந்தக் கொழுப்பு என்று உறுதி செய்யாமல் சிப்பாய்களிடம் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். கடிதம் ஃபைலுக்குள் போனது. பிறகு கல்கத்தா வில்லியம் கோட்டையில் தோட்டா செய்யத் தொடங்கியபோதும், சப்ளை ஒப்பந்தத்தில் கொழுப்பு என்று மட்டும்தான் இருந்தது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று இல்லை. மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்பதை அதிகாரிகளே பின்னாடி ஒத்துக்கொண்டார்கள்.

ராஜபாளையத்துல என் தாத்தா மாட்டு வண்டி வச்சிருந்தவர். அச்சுக்கு எதைப் போடுவீங்கன்னு கேட்டேன். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிடுவோம் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு இப்போ டப்பாவில் வர்ற கிரீஸ்தான் வைக்கிறாங்க, அதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் என்று அவரே சேர்த்துக்கொண்டார். (கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸில் பெரும்பாலானது விளக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் அமிலத்தில் செய்தது. சொன்னதும் தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம்!) தன் கையால் குழைத்த மசகில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. 1857 சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை.

அந்த ஜனவரியில் டம்டம் பட்டறைத் தொழிலாளி ஒருவர், ஒரு பிராமண சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் சொம்பைக் கேட்டார். சாதியைக் காட்டி அவர் மறுத்தார். சீக்கிரம் பசுக் கொழுப்பைக் கடிக்கப் போறீங்க, அப்ப உங்க சாதி எங்கே இருக்கும்னு பார்க்கலாம் என்று தொழிலாளி திருப்பிக் கொடுத்தார். கதை இப்படித்தான் பரவியது. இதில் என் மனசு முதலில் நிற்பது தாகத்தோடு நின்ற அந்தத் தொழிலாளி பக்கம்தான். ஆனா சிப்பாய்க்கு இது வெறும் வீம்பும் இல்லை. சாதி போனால் ஊரில் கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள்.

ஜனவரி 27இல் அரசு இறங்கி வந்தது. மசகில்லாத தோட்டா தருகிறோம், பஜாரில் உங்களுக்குப் பிடித்ததை வாங்கி நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. நல்ல தீர்வுதானே? ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் பூசிய தோட்டாவைச் சில ரைபிள் கம்பெனிகள் வருஷக்கணக்காகப் பயன்படுத்தியும் வந்தன. ஆனால் நேரம் கடந்துவிட்டது. இப்போ சந்தேகம் காகிதத்தின் மேல் தாவியது. பளபளக்குதே, இதிலேயே கொழுப்பு இருக்குமோ? பிப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரில் 19ஆம் படை தோட்டாவைத் தொடவே மறுத்தது. அந்தப் படையைக் கலைக்கப் பாரக்பூருக்கு நடத்திக் கூட்டி வந்தார்கள். நாள் குறித்தது மார்ச் 31.

மார்ச் 29, ஞாயிறு பிற்பகல். வெள்ளைக்காரத் துருப்பு படகில் வந்து இறங்கிய செய்தி பரவியது. மங்கள் பாண்டே மேலே சிவப்புச் சட்டை, கீழே வேட்டியோடு, நிரப்பிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து மற்றவர்களைக் கூப்பிட்டார். கையில் இருந்தது பழைய மஸ்கெட்தான். புது ரைபிள் அவர் படைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சார்ஜென்ட் மேஜர் ஹியூசனைச் சுட்டார், படவில்லை. குதிரையில் வந்த லெப்டினன்ட் பாவைச் சுட்டார், குதிரை விழுந்தது. பிறகு வாள்சண்டை, வெள்ளையர் இருவருக்கும் காயம். காவலில் நின்ற சிப்பாய்கள் அசையவில்லை. அவர்களின் ஜமேதார் ஈஸ்வரி பிரசாத் யாரையும் பிடிக்க அனுப்பவில்லை. ஷேக் பல்டு என்ற சிப்பாய் மட்டும் ஓடிவந்து பாண்டேயைப் பின்னாலிருந்து பிடித்தார். ஜெனரல் ஹியர்சி குதிரையில் நெருங்கியதும், பாண்டே துப்பாக்கியைத் தன் நெஞ்சில் வைத்துக் கால்விரலால் விசையை அழுத்தினார். காயம்தான், உயிர் போகவில்லை.

ஏப்ரல் 6இல் விசாரணை. நீதிபதிகளாக உட்கார்ந்தவர்களும் இந்திய அதிகாரிகளே. பாங்கும் அபினும் எடுத்திருந்தேன், என்ன செய்தேன் என்று தெரியாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். கூட இருந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள். ஒரு பெயர்கூட வரவில்லை. படத்தில் வருகிற வீர வசனங்களைவிட எனக்கு இந்த மௌனம் பெரிசாப் படுது. ஏப்ரல் 8இல் மொத்தத் துருப்பும் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். பிறந்த வருஷம் சரியென்றால், முப்பதுகூட ஆகவில்லை.

ஈஸ்வரி பிரசாத்தையும் அதே மாதம் தூக்கில் போட்டார்கள். ஷேக் பல்டு ஹவில்தார் ஆனார். மே 6இல் 34ஆம் படையில் பாரக்பூரில் இருந்தவர்களைக் கலைத்தார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லை. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் எழுந்ததும், தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம், திருநீறு நாமம் தாடிக்குத் தடை என்ற உத்தரவுகளால்தான். அந்த ஃபைலை டம்டம்மில் யாராவது திறந்து பார்த்திருக்கலாம்.

ஏப்ரல் 24இல் மீரட் குதிரைப்படை அணிவகுப்பில் 90 பேருக்குத் தோட்டா நீட்டினார்கள். எப்போதும் பயன்படுத்திய பழைய வகைதான், பல்லால் கடிக்கவும் வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றும் சொன்னார்கள். 85 பேர் வாங்கவில்லை. மே 9இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள், மறுநாள் மீரட் எரிந்தது. அதன் பிறகு எதிர்த்து நின்ற எல்லாச் சிப்பாய்களையும் வெள்ளைக்காரர்கள் ஒரே பெயரில், பாண்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்ம பாண்டி இல்லைங்க. 34ஆம் படையின் 1446ஆம் எண் சிப்பாய்.